நானூறு கிழவிகளுக்கு ஒருத்தி

இஸ்திரி போட்டே பிள்ளையை ஆளாக்கியவள் அவள். குடியிருப்பில் அவளுக்குப் பேர் உம்மணாமூஞ்சி. சிரித்தால் மூத்திரம் சொட்டும். அதனால் சிரிப்பதையே விட்டுவிட்டாள். மருமகளுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று, அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் நனைந்த துணியை அலசுவாள்.

முதியோர் உடல்நல ஆய்வென்று ஒரு பெண் வந்தாள். குலுக்கலில் இந்த வீட்டுக் கதவு எண் விழுந்திருந்ததாம்.

"எனக்கென்ன கேடு? எதிர்வீட்டுல இடுப்பு ஒடிஞ்சவ இருக்கா, அவளைக் கேளு."

"ஆளை மாத்தக்கூடாதும்மா. நீங்க சொல்றது உங்களை மாதிரி நானூறு பேருக்குச் சேத்தி. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

விஷயம் படியேறிப் போனது. மாலையே கிழவிகள் படையெடுத்தார்கள். இடுப்புக்காரி தன் இடுப்பை ஒப்படைத்தாள். சர்க்கரைக்காரி கால் எரிச்சலைக் கொடுத்தாள். மாடிவீட்டுக்காரி தன் கண்புரையோடு சம்பந்தியின் மூச்சிரைப்பையும் கொண்டுவந்தாள்.

"மறந்துடாதக்கா, உன்னைத்தான் நம்பியிருக்கோம்!"

உம்மணாமூஞ்சியின் நடையே மாறிவிட்டது. தும்மல் வந்தால்கூட நானூறு மூக்கை நினைத்து அடக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அறையில் கால் வைக்க இடமில்லை. சமையலறை வாசலில் மருமகள். எல்லாரும் வெளியே போங்கள் என்று ஆய்வுக்கு வந்த பெண் கெஞ்சிப் பார்த்தாள்.

"நாங்க இல்லாம ஏதுடி நானூறு?" என்று சம்மணம் போட்டாள் மாடிவீட்டுக்காரி.

"இடுப்பு வலி இருக்கா?"

"இருக்கு!" என்றது கூட்டம்.

"எனக்கில்ல. முட்டிதான்" என்றாள் உம்மணாமூஞ்சி.

சரி, முட்டியாவது கிடைத்ததே என்று கூட்டம் மனசைத் தேற்றிக்கொண்டது.

"இருமினா, சிரிச்சா சிறுநீர் கசியுதா? சொல்ல விருப்பம் இல்லன்னா விட்டுடலாம்."

அத்தனை கிழவிகளும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்கள். உம்மணாமூஞ்சி மருமகளைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் நானூறு பேரும் ஒளித்து ஒளித்துத் துணி அலச வேண்டியதுதான்.

"கசியுது."

"அடிப்பாவி! அதை ஏன்டி என் தலையில கட்டுற?" என்று எழுந்தாள் இடுப்புக்காரி.

"எங்க யாருக்கும் அப்படி இல்லம்மா, அழிச்சுடு!" என்றாள் சர்க்கரைக்காரி.

"என் முட்டியைப் பங்கு போட்டப்ப இனிச்சுதுல்ல? இதுவும் சேத்துதான். கம்முனு உக்காருங்கடி!"

"எத்தனை நாளா அத்தை?" மருமகள் வாசலை விட்டு உள்ளே வந்தாள்.

"ஆச்சு, நாலஞ்சு வருஷம்."

"எனக்குப் பிரசவத்துலேர்ந்து இருக்கு அத்தை."

ஆய்வுக்கு வந்தவள் பதறினாள். "அக்கா, அறுபதுக்குக் கீழ இருக்கவங்க கணக்குல வரமாட்டாங்க!"

"கேட்டியா? உனக்கு வயசு பத்தாதாம்" என்றாள் மாமியார். கட்டிலில் நகர்ந்து மருமகளுக்கு இடம் விட்டாள்.