டிக்கெட் கவுண்டரில் ஒரு கைத்தட்டல்

காது கேளாத பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு போவது கஷ்டமில்லை. டிக்கெட் கவுண்டர்தான் கஷ்டம். ரயில், பஸ், பொருட்காட்சி, எங்கே போனாலும் அவளுடைய சலுகை பாஸை நீட்ட வேண்டும், நீட்டியபடி வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்: "பொறந்ததுல இருந்தே காது கேக்காதுங்க." வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் என் மகளைத் திரும்பிப் பார்ப்பார்கள். தொண்ணூறுகள் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது.

பல்லடத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். விசைத்தறி ஓடும்போது அங்கே யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. வாயையும் கையையும் பார்த்துத்தான் வேலை நடக்கும். அங்கே அவள் ராணி. வெளியே வந்தால்தான் வம்பு. பதினாலு வயதானதிலிருந்து கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறியதும் கையைக் கட்டிக்கொள்வாள். நாலு பேர் எதிரில் சைகையில் பேசமாட்டாள். நான் பாஸை எடுத்தால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். எனக்குக் கோபம் வரும். பாஸ் இல்லாமல் மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு எப்படி அலைவது?

ஒரு கோடை விடுமுறையில் ஆஸ்பத்திரி வேலை சீக்கிரம் முடிந்தது. அவள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த மியூசியத்துக்குப் போனோம். வெயிலில் நடந்து எனக்குக் கால் கடுத்தது. காது கேளாத சிறுவர்களுக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் இல்லை என்று வாசலில் பலகை இருந்தது. பாஸை நீட்டி என் பழைய பாட்டைப் பாடினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. டிக்கெட் கொடுப்பவர் பாஸைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். அவள் சற்றுத் தள்ளி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பாம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தா புள்ள நல்லாத்தானுங்க இருக்குது?"

"நல்லாத்தானுங்க இருக்குது. காதுதான் கேக்காது."

"இப்படித்தானுங்க அல்லாரும் சொல்லிப்போட்டு வாராங்க" என்று எழுந்து வந்தார். அவளுக்குப் பின்னால் போய் நின்று, ஓங்கிக் கைதட்டினார். இந்தப் பரீட்சை எனக்குப் புதிதில்லை. கண்டக்டர்கள் எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். ஒரு முறைகூட அவள் அசைந்ததில்லை.

அன்று சட்டென்று திரும்பினாள். என்ன வேண்டும் என்று கேட்பதுபோல அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"ஏனுங்கம்மணி, பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேண்டாமுங்களா?" என்று அவர் பாஸை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வாதாட எனக்குத் தெம்பில்லை. இரண்டு முழு டிக்கெட் வாங்கினேன்.

உள்ளே போகும்முன் அந்தப் பெட்டியின் முன்னால் அவள் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். பாம்புக்கு மேலே கண்ணாடியில் கவுண்டர் அப்படியே தெரிந்தது. அவர் எழுந்து வந்ததையும் கையை ஓங்கியதையும் பார்த்துக்கொண்டேதான் நின்றிருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்குடி திரும்புனே?" என்று வாயசைத்துக் கேட்டேன்.

அத்தனை பேர் நடமாடும் இடத்தில் அவள் கட்டிய கையைப் பிரித்தாள். கவுண்டரைக் காட்டினாள். தன் காதைத் தொட்டாள். தலையை ஆட்டினாள். தனக்குக் காது கேட்கும் என்று அந்த ஆள் நம்பிவிட்டார் என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தும் அவளுக்கு வாங்கித்தர முடியாத ஒன்றை அவளே ஒரு நிமிஷத்தில் சம்பாதித்திருந்தாள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் அவள் வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பப் போனாள். நான் அவள் முகத்தைத் தொட்டு என் பக்கம் திருப்பினேன். வாயைப் பார்க்கட்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்: "பல்லடம், ரெண்டு முழு டிக்கெட்டுங்க."

அன்று ஒரு நாள்தான் அப்படி. அடுத்த மாதம் மறுபடியும் பாஸை நீட்டினேன், மறுபடியும் அதையே சொன்னேன். அவளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.