உடையாத மெழுகு

அம்ருதவல்லி முப்பத்தெட்டு வயதில்தான் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்தாள். காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே, 2005ஆம் ஆண்டு முழுக்க ஒரு குழாய்த் தண்ணீரோடு மல்லுக்கட்டினாள்.

சூடேறும் மின்னணுக் கருவிகளை ஓடும் நீரால் குளிரவைப்பது பழைய வழி. அந்த நீரில் அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடின் நானோ துகள்களைக் கலந்தால் வெப்பத்தை இன்னும் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும். கூடவே மெழுகை நுண்ணிய உறைகளுக்குள் அடைத்து மிதக்கவிட்டால், அது உருகும்போது மேலும் வெப்பத்தை விழுங்கும். சுற்றி வருவதற்குள் ஆறி மறுபடி கெட்டியாகும். கணக்கில் எல்லாம் சரியாகவே வந்தது. பம்பில் விட்டதும் அதன் இறக்கைகள் உறைகளை நொறுக்கின. வெளியே வந்த மெழுகு குழாயை அடைத்தது. ஒவ்வொரு முறையும் குழாயைக் கழற்றிச் சுரண்டினாள்.

அந்த ஆடியில் அவள் அப்பா பாச்சாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வரதர் கோவில் கோஷ்டியில் கணீரென்று பாசுரம் சேவித்தவர், வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவாள். இருவருக்கும் பேச எதுவும் இருந்ததில்லை. "தாகமா இருக்குடி" என்பார். அளந்துதான் தண்ணீர் தரலாம் என்பதால் உதட்டை மட்டும் நனைத்துவிடுவாள்.

ஒருநாள் அவள் பார்வை ரத்தம் ஓடும் குழாயில் நின்றது. இயந்திரத்தில் ஓர் உருளை மெல்லச் சுழன்று, குழாயை வெளியிலிருந்தே அழுத்தி ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"ஏன் பாண்டியன், இப்படி அழுத்தறதே, ரத்த அணு உடையாதா?" என்று டெக்னீஷியனைக் கேட்டாள்.

"உடையக் கூடாதுன்னுதாம்மா இப்படி வெச்சிக்கிறாங்க. நைசா தள்ளிக்கினு போவும்."

மெழுகு உறைகள் அவள் நினைவுக்கு வந்தன. வந்த வேகத்திலேயே வெட்கமாகவும் இருந்தது. அப்பாவின் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு இதையா நினைப்பது? கண் கலங்கிவிட்டது.

"என்னடி? டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"இல்லப்பா. நீங்க இப்படிக் கெடக்கறச்சே நான் என் பம்ப்பைப் பத்தி நெனச்சிண்டிருக்கேன்."

"நான் மட்டும் என்ன, மேல ஃபேனைத்தான் பாத்துண்டு கெடக்கேன். சொல்லு, என்ன பம்ப்பு?"

சொன்னாள். அவள் வேலையைப் பற்றி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

பழுதாகி ஒதுக்கியிருந்த ஒரு டயாலிசிஸ் இயந்திரத்தின் பம்பை, அவள் கேட்டதும் மருத்துவமனை கொடுத்தது. அதில் உறைகள் பெரும்பாலும் பிழைத்தன. மின்னணுக் கருவிக்குப் பதிலாக வைத்திருந்த சூட்டுத் தட்டின் வெப்பம் சில டிகிரி இறங்கியது. நானோ துகள்கள் மட்டும் ஓட்டம் நின்றால் அடியில் படிந்தன. அதையும் மறைக்காமல் எழுதினாள். டயாலிசிஸ் நாள்தோறும் பாச்சா, "இன்னிக்கு ஒடஞ்சுதா?" என்று கேட்பார். பாண்டியனும் வந்து நின்று கேட்பான்.

தை மாதம் பாச்சா காலமானார். ஆய்வேடு முடிய மேலும் ஓராண்டு ஆயிற்று. பட்டம் கிடைத்த அன்று பாண்டியனுக்கு போன் செய்தாள். "பேஷண்டுக்கு ஊசி போட்டுக்கினு இருக்கேம்மா" என்று வைத்துவிட்டான். சாயங்காலம் அவனே கூப்பிட்டான்; பட்டம் வந்ததைச் சொன்னாள்.