அம்மாவின் முந்தானை நுனி

மறுபடியும் முறிந்த என் மணிக்கட்டில் ஈர மாவுக்கட்டின் வாசனை எழுந்ததும், சிரம்பான் மருத்துவமனை மறைந்து, லுக்குட் தோட்டத்தின் பழைய மழை சூழ்ந்துகொண்டது.

அப்போது எனக்கு ஏழு வயது. ரப்பர் மரங்களுக்கிடையே மழை இறங்க, அம்மா என்னை ஒதுங்கச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார். எலும்பு முறிந்தது.

“பெத்த புள்ளைய இப்படியா இழுப்ப? மாட்டையா ஓட்டுற?” என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

அதன்பின் அம்மா என் கையைப் பிடித்ததேயில்லை. கடைத்தெரு நெரிசலிலும் முந்தானை நுனியைத்தான் நீட்டுவார். ரப்பர்ப்பால் மணக்கும் அந்த நுனியைப் பற்றியே வளர்ந்தேன்.

பிறவியிலேயே என் எலும்புகள் பலவீனமானவை, அது தாய்வழியில் வந்திருக்கிறது என்று மருத்துவர் இன்று விளக்கினார். சொன்னால் அம்மாவுக்கு ஒரு பழி நீங்கி இன்னொன்று ஏறுமோ என்று தயங்கினேன். ஆனாலும் வெளியே காத்திருந்தவரிடம் சொன்னேன்.

“அன்னிக்கு நீங்க இழுத்ததால மட்டும் ஒடையலம்மா. என் எலும்பே அப்படி. பரம்பரையா வந்தது.”

“அப்ப என்கிட்டேருந்துதான் வந்திருக்கு லா?”

“இந்த மூக்கும் உங்ககிட்டேருந்துதான் வந்துச்சு. அதுக்கு யாரும் உங்கள ஏசலையே!”

அம்மா சிரித்தார். சாலையைக் கடக்கையில் பழக்கத்தில் முந்தானையை நீட்டினார். நான் பற்றாமல் நின்றேன். சற்றுப் பொறுத்து, அவர் விரல்கள் என் கட்டில்லாத கையைத் தேடி வந்தன.