சால்மன் ராடும் சம்பந்தியும்

பெரிய பேரன் சென்னையில் வக்கீல். அவனுக்கு அடுத்தவன் வேலூரில் பல் டாக்டர், போன தை மாதம்தான் சொந்தமாக கிளினிக் வைத்தான். சின்னப் பேத்தி கபடியில் மாவட்டத்துக்கே கப் வாங்கி வந்தவள். மகள் மாலதி பெற்ற நிவேதா, கனடாவில் பாலம் கட்டுகிற கம்பெனியில் இன்ஜினீயர். கீழ்பென்னாத்தூரில் ஒரு காதுகுத்துப் பந்தியில் பக்கத்து இலைக்காரம்மாவிடம் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். நிவேதா கதையில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. "இந்த சீசனுக்கு அங்க ஆத்துல இறங்கி, தூக்கமுடியாத மீனா ஒண்ணு புடிக்கப் போறா பாருங்க" என்று ஆரம்பித்தேன். போன் அடித்தது. மாலதிதான்.

"அம்மா, மாமா போயிட்டாரும்மா."

மாமா என்றது அவளுடைய மாமனாரை. என் சம்பந்தி ஏழுமலை. காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். இலையை மடித்து எழுந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வரும் என்று பார்த்தேன். வந்தது கோபம். நிவேதா மீன் பிடிக்க நான் வாங்கிக் கொடுத்த தூண்டில் ராடு நல்ல ராடுதானா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தேன். அதைச் சொல்லாமலே போய்விட்டார்.

அவரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். லீவு கிடைத்தால் தூண்டிலை எடுத்துக்கொண்டு சாத்தனூர் பக்கம் தென்பெண்ணைக்குப் போய்விடுவார். கெண்டையோ விறாலோ கொண்டுவந்தால் ரெண்டு வீட்டிலும் குழம்பு. நல்ல மனுஷர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் வீட்டிலிருந்து போன எதையும் அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணத்துப் பந்தியில் ரசம் எப்படி என்று கேட்டேன். "பரவால்ல" என்றார். நிவேதா பிறந்தபோது தொட்டிலும் கொலுசும் எடுத்துப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதே "பரவால்ல". பெண் கொடுத்த வீட்டிலிருந்து சீர் போகும், மாப்பிள்ளை வீட்டார் அதில் குறை பார்ப்பார்கள். அது முறை என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ராடு கதைக்கு வருகிறேன். போன வருஷம் நிவேதா ஆற்றில் சால்மன் பிடிக்கப் போனாள். கடலிலிருந்து ஆற்றுக்குள் எதிர்த்து ஏறி வருகிற மீன் அது. பத்து கிலோவுக்கு மேலேயும் இருக்குமாம். யாரோ கொடுத்த இரவல் ராடு. மீன் மாட்டியது, இழுத்தது, லைன் என்கிறார்களே, அந்தத் தூண்டில் நரம்பு முடிச்சிலேயே அறுந்தது. பிள்ளை தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட வந்தவர்கள் சிரித்தபடி அதைப் படம் எடுத்திருக்கிறார்கள். லீவுக்கு வந்தவள் என் மடியில் படுத்துக்கொண்டு, "ஆயா, நீ ஒரு ராடு வாங்கிக் குடு. உன் ராடுல புடிக்கிறேன்" என்றாள். வேலைக்குப் போன நாளிலிருந்து அந்தப் பெண் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. எல்லாம் அவளே வாங்கிக்கொள்கிறாள். ஆகவே இது சீர்தான் என்று முடிவு செய்தேன். அவள் திரும்பிப் போவதற்குள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

தேரடிப் பக்கம் வலை விற்கிற கடையில், இருப்பதிலேயே தடியான ராடாக எடுத்தேன். கறுப்பாக, கெட்டியாக, ஆட்டினால் அசையாது. லைன் சுற்றுகிற ரீலோடு வாங்கி நேரே கோயிலுக்குப் போனேன். புது வண்டி வாங்கினால் பூஜை போடுவதில்லையா? அர்ச்சனை செய்து, ராடுக்கு மஞ்சள் கயிறு கட்டி, ரீலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, தாம்பாளத்தில் வைத்துச் சம்பந்தி வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அவர் ரீல் கைப்பிடியைச் சுற்றினார். அது சுழலவில்லை.

"சம்பந்திம்மா, எங்கல்லாம் சந்தனம் வெச்சீங்க?"

"மூணு எடத்துல."

"உள்ளேயுமா?"

"மூடி தெறந்திருந்திச்சி, அங்கயும் ஒண்ணு வெச்சேன். ஏன், சாமிக்கு உள்ள வெளியன்னு இருக்குதா?"

"சாமிக்கு இல்லைங்க. பல்சக்கரத்துக்கு இருக்குது."

மண்ணெண்ணெயும் பழைய பல் தேய்க்கிற பிரஷும் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை சுரண்டினார். இன்றைக்கும் சொல்கிறேன், வைத்தது தப்பில்லை. மூடியைத் திறந்து போட்டுக் கொடுத்தானே கடைக்காரன், அவன் மேல்தான் தப்பு.

அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. "ராடு வளையணும். வளையாத கோலு கோலு இல்ல" என்று தெருவில் இறங்கினார். நிவேதா கையில் ராடைக் கொடுத்து, லைனின் நுனியை என் பித்தளைச் சொம்பின் கழுத்தில் கட்டினார். சொம்பைப் பிடித்து இழுக்க ஆள் வேண்டும். மாலதி சிரித்துக்கொண்டு நிற்கிறாள், ஒன்றுக்கும் உதவமாட்டாள். முட்டிவலியோடு நானே சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்து நடந்தேன்.

"வேகமா போங்க சம்பந்திம்மா. மீனு இப்படியா நடக்கும்?"

"மீனுக்கு முட்டி கெடையாது சம்பந்தி."

வெடுக்கென்று திரும்பி ஒரு இழு இழுத்தேன். ராடு கட்டை மாதிரி நின்றது. லைன் பட்டென்று அறுந்தது. சொம்பு கையை விட்டுப் போய், உருண்டு, மளிகைக்கடை பாய் வாசலில் நின்றது. பாய் எடுத்துக் கொடுத்துவிட்டு, "என்னம்மா, மீனு தப்பிச்சிடுச்சா?" என்றார். தெருவே சிரித்தது. சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. "ராடு விட்டுக் குடுக்கலன்னா லைன்தான் அறுபடும். போன வருசம் கொழந்தைக்கு ஆனது இதான்" என்றார்.

சரி, நீங்களே ஒன்று எடுங்கள் என்று விட்டேன். அவர் எடுத்தது நீளமாக, நாணல் மாதிரி ஆடுகிற ராடு. கெண்டைக்கு அவர் வைத்திருப்பது அந்த ஜாதி. வேன் பிடித்துத் தென்பெண்ணைக்குப் போனோம். நான் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்தேன். சால்மனுக்குப் புழு போடுவதில்லையாம். கரண்டி மாதிரி ஒரு தகட்டில் முள் வைத்து வீசி இழுக்கிறார்கள். நிவேதா பையில் அது இருந்தது, கனமாகவே இருந்தது. சம்பந்தி வீசினார். ராடு பின்னால் போய் மடிந்தது, முன்னால் வந்து மடிந்தது. தகடு அவர் காலடியில் தொபீரென்று விழுந்தது. மறுபடி வீசினார். மறுபடி காலடி.

நான் விடுவேனா? "சம்பந்தி, மீனு கரையேறி வந்து வாங்கிக்குமா?"

"காத்து ஜாஸ்தி" என்றார்.

ஒரு இலை ஆடவில்லை. எலுமிச்சை சாதம் எப்படி என்று கேட்டேன். "பரவால்ல."

அதற்குப் பிறகுதான் மனுஷர் நிவேதாவை உட்காரவைத்துக் கேட்டார். ஆறு எவ்வளவு அகலம், நடுவில் எவ்வளவு இழுப்பு, நீ கரையில் நிற்கிறாயா தண்ணீரில் நிற்கிறாயா, அந்தத் தகடு என்ன எடை. இதை முதல் நாளே கேட்டிருந்தால் என் முட்டி பிழைத்திருக்கும். அதைச் சொல்லவும் சொன்னேன். காதில் வாங்கவில்லை. கடைசியில் ரெண்டு பேரும் போனில் பார்த்து ஒன்றை முடிவு செய்தார்கள். எட்டரை அடி, ரெண்டு துண்டாகக் கழட்டலாம், விமானத்தில் போகும். நுனி மெல்லிசு, அடி தடி. ரீல் கைப்பிடிக்கு மேல்பக்கம் உட்காரும், கட்டைவிரலை வைத்து லைனை அடக்கலாம். ராடின் மேலேயே ரெண்டு நம்பர் எழுதியிருக்கும். எடுக்கிற லைனின் பலம் அந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாவிட்டாலும் நம்பர் தெரியும். படத்தைப் பெரிசாக்கச் சொல்லி நானும் பார்த்தேன். பணம் நான் கட்டினேன். சீர் என்னுடையது.

பார்சல் வந்தது பௌர்ணமி அன்று. நிவேதா மறுநாள் விடியற்காலையில் கிளம்ப வேண்டும். டெலிவரிப் பையன் ஊருக்கு வெளியே நின்றுகொண்டு, "வண்டிய உள்ள விடமாட்றாங்கம்மா, நாளைக்குத் தரேன்" என்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சம்பந்தி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கிரிவலக் கூட்டம் ஒரு பக்கம் போக, இவர் எதிர்ப்பக்கம் நடந்து, அந்த நீளப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். வேல் என்று நினைத்து வழியில் யாரோ தொட்டுக் கும்பிட்டார்களாம்.

"பூஜை ஆயிடுச்சி சம்பந்திம்மா. சந்தனத்த உள்ள எடுத்து வெச்சிடுங்க."

லைன் சுற்றும்போதும் சண்டைதான். தடியான தங்கூஸ் நரம்பு போடுங்கள், அதுதான் தாங்கும் என்றேன் நான். தடி லைனை ஆற்று இழுப்பு வாரிக்கொண்டு போகும், மெல்லிய பின்னல் லைன்தான் வேண்டும், மீன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க முனையில் மட்டும் கண்ணாடி மாதிரி நரம்பு என்றார் அவர். ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர், இறுக்குவதற்கு முன்னால் வாயில் வைத்து எச்சில் பண்ணினார்.

"சம்பந்தி, சீர் அது."

"தெரியுதும்மா. காஞ்ச முடிச்ச இறுக்கினா சூடாவும், சூடானா அறுந்துடும். சீரு தண்ணியில போவட்டும்னா சொல்லுங்க, தொடச்சிட்டுக் கட்டறேன்."

எச்சில் முடிச்சே இருக்கட்டும் என்று விட்டேன். மறுபடி சொம்பு, மறுபடி தெரு, மறுபடி நான். இந்தத் தடவை என்ன இழுத்தும் அறுபடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, "இப்பவாவது சொல்லுங்க, நல்லா இருக்குதா?" என்று கேட்டேன்.

ராடை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "சொம்ப வெச்சி சொல்லமுடியாதுங்க. மீனு இழுக்கறப்ப ராடு வளையும் பாருங்க, அந்த வளைவப் பாத்துட்டுச் சொல்றேன்."

"பரவால்லன்னாவது சொல்லுங்களேன்."

"பாக்காம எப்படிங்க சொல்றது?"

நிவேதா போனாள். மீன் வருகிற மாதம் வரவேண்டும், ஆற்றில் தண்ணீர் ஏறவேண்டும் என்று நாங்கள் காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமையானால் அவர் போன் செய்வார். எப்படி இருக்கிறீர்கள் என்ற கேள்வி கிடையாது. "படம் வந்துச்சா?" "வரல." "சரி." வைத்துவிடுவார். மழை தள்ளிப் போகிறது, மீன் இன்னும் கடல் வாயிலேயே நிற்கிறது என்று நிவேதா சொன்னாள். மீனுக்கு என்ன அவசரம்? போகிறவர்தான் அவசரப்பட்டுவிட்டார்.

அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, மாலதி போனைத் தூக்கிப் பிடிக்க, நிவேதா அங்கிருந்தே தாத்தா முகத்தைப் பார்த்தாள். அழுதுகொண்டே, "நான் இன்னும் புடிக்கல தாத்தா" என்றாள். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.

காரியம் முடிந்து அவருடைய தூண்டில்களை அவர் கூட்டாளிகள் எடுத்துப் போனார்கள். எனக்கு எதுவும் வேண்டாம் என்றுவிட்டேன். கழுத்தில் லைன் அறுத்த கோடும் வயிற்றில் ஒடுக்குமாக அந்தச் சொம்பு என் வீட்டில் இருக்கிறது, தட்டி எடுக்கக் கொடுக்கமாட்டேன். இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. தெருவில் ரெண்டாம் தடவை சொம்பை இழுத்தபோது திரும்பித் திரும்பிப் பார்த்ததில் அந்த வளைவு எனக்குத் தெரிந்துவிட்டது. நுனியில் ஆரம்பித்துப் பாதி வரைக்கும் வளைய வேண்டும். அதற்குக் கீழே, கைப்பிடிப் பக்கம், நிமிர்ந்து நிற்க வேண்டும்.

போனில் ரெண்டு வீட்டு ஆட்களும் இருக்கிற குரூப் இது. நிவேதா, உன் பேருக்குப் பக்கத்தில் இன்னும் அந்தப் பழைய படம்தான் இருக்கிறது, தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறாயே, அது. அதை எடுத்துவிடு. மழை வந்துவிட்டது என்று மாலதி சொன்னாள். போ. மீன் கைக்கு வந்த பிறகு எல்லாரும் எடுக்கிற படம் எனக்கு வேண்டாம். அது இழுத்துக்கொண்டு இருக்கும்போதே, பக்கவாட்டில் நின்று, ராடு நுனியிலிருந்து அடி வரை தெரிகிற மாதிரி யாரையாவது எடுக்கச் சொல். குரூப்பில் போடு. நான் பார்த்துவிட்டு அவருக்குப் பதிலாகச் சொல்கிறேன். நன்றாக இருந்தால் "பரவால்ல" என்று போடுவேன்.