செந்தில் உதைத்த பந்து

நான் படிக்காத ஒரு கல்லூரியின் கால்பந்துச் செய்திமடல் வாரம் தவறாமல் எனக்கு மின்னஞ்சலில் வந்துகொண்டிருக்கிறது. யாருக்கு முழங்கால் போயிற்று, எந்த முன்னாள் ஆட்டக்காரர் எங்கே பயிற்சியாளராகச் சேர்ந்தார் என்று எல்லாம் இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் நின்றுவிடும். அழுத்த மனம் வரவில்லை. இந்த வாரம், மைதானத்துப் புல்லைப் பெயர்த்துவிட்டுச் செயற்கைப் புல் போடுகிறார்கள் என்று ஒரு படம். பார்த்ததும் எனக்கு மூக்கில் வந்தது புல் வாசனை இல்லை, புளியோதரை வாசனை.

தொண்ணூறுகளின் கடைசியில் டெக்சாஸில், காப்பெல்லில் இருந்தேன். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே சம்பளம் வாங்கிய கூட்டத்தில் நானும் ஒருவன். சனிக்கிழமைச் சாப்பாடு ஈரோட்டுக்காரர் சுந்தரம் அங்கிள் வீட்டில். அழைத்தார்களா என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் மகன் செந்தில் அந்தக் கல்லூரி அணியில் கிக்கர். அமெரிக்கக் கால்பந்தில் மற்றவர்கள் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்; இவன் பந்தை உதைக்க மட்டும் களத்தில் இறங்குகிறவன். அதிலும் மாற்று ஆள்தான். படிப்பு கெடுகிறதென்று அங்கிளுக்கு ஆத்திரம்.

முதல் கிக்கருக்குக் கால் பிசகி, ஒரு சனிக்கிழமை செந்திலுக்கு வாய்ப்பு வந்தது. "இன்னைக்கு இவன் ஒழுங்கா உதைக்கலைன்னா ஃபுட்பாலை இதோட நிறுத்திக்கோணும் கண்ணு, சொல்லிட்டேன்" என்று ஃப்ரீவே முழுக்க என்னிடம் கறுவிக்கொண்டே வந்தார். கோயிலில் பழக்கமான நாலைந்து குடும்பங்கள் வேன்களில் பின்னால் வந்தன. ஸ்டேடியம் வாசலில் ஊரே இறைச்சி சுட்டுக்கொண்டிருக்க, நாங்கள் புளியோதரைப் பாத்திரத்தைத் திறந்தோம். செந்திலின் அம்மா சரோஜா ஆன்ட்டி ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

கடைசி நிமிடம். எங்கள் அணி இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. செந்தில் உதைக்கும் பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, வெற்றி. அவன் வந்து நின்றதும் எதிரணி வேண்டுமென்றே ஆட்டத்தை நிறுத்திக் காக்க வைத்தது. பிறகு அரங்கமே திடீரென்று அடங்கிப்போனது. எங்களுக்குத் தாங்குமா? நம் பையன் நிற்கிறான், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையே என்று "செந்தில்! செந்தில்!" என்று கத்தினோம். முன் வரிசைக்காரர் திரும்பி உதட்டில் விரல் வைத்தார். எதிரணி ஆள் போலிருக்கிறது என்று இன்னும் பலமாகக் கத்தினோம். செந்தில் ஒருமுறை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

பந்து கம்பத்தில் பட்டு வெளியே விழுந்தது.

பின்னாலிருந்து எவனோ செந்திலைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அங்கிள் எழுந்து திரும்பினார். "தட் இஸ் மை சன்." அடிதடி ஆகப்போகிறதென்று நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். நல்லவேளை, அந்த ஆள் உட்கார்ந்துவிட்டான்.

வெளியே வந்த செந்திலின் கண்கள் சிவந்திருந்தன. "அம்மா, வென் வீ ஹேவ் த பால், யூ ஸ்டே க்வயட்."

"எங்களுக்கு யாருடா அதைச் சொன்னா?" என்று ஆன்ட்டி அழுதேவிட்டார்.

அங்கிள் அவனைத் திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். "அடுத்த சனிக்கிழமை மேட்ச் எத்தனை மணிக்கு?" என்றார்.

"ஐ வோன்ட் பி ப்ளேயிங், அப்பா."

"நான் அதைக் கேக்கலை."

அந்த சீசன் முழுக்கப் போனோம். செந்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். வேறு யார் வீட்டுப் பையனோ உதைக்கும்போது நாங்கள் மூச்சு விடாமல் இருந்தோம். அப்புறம் வேலை ஒவ்வொருவரையும் ஒவ்வொரு ஊருக்கு இழுத்துக்கொண்டது. எனக்கு நியூ ஜெர்சி. பெருமைப்பட ஒன்றுமில்லாத நாளிலும் வேன் நிறைய வந்த அந்தக் கூட்டத்தை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். போன மாதம் என் மகள் பள்ளிக் கச்சேரியில் கடைசி வரிசையில் நின்று வாசித்தாள். பார்க்க நானும் என் மனைவியும்தான் போயிருந்தோம்.