நான் சுரண்டி எடுத்த சிவப்புப் பொட்டு

நான் பழைய டிவிகளை வாங்கி விற்பதாக நம் கட்டடத்தில் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. கலர் டிவி வந்ததும் நீங்கள் மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்ட பிளாக் அண்ட் ஒயிட் பெட்டிகளைத் துடைத்து, வால்வு மாற்றி, ஓடவைக்கிறேன். கேட்டவர்களுக்குச் சும்மாவே கொடுக்கிறேன்.

இன்று மாலை கீழ்வீட்டு மூர்த்தி வந்தான். அவன் தள்ளிவிட்ட பெட்டி என் கூடத்தில் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மாமி, இது எங்காத்து டிவியா! அம்மா ஞாபகமா நானே வச்சுக்கட்டுமா?"

எடுத்துக்கொள் என்றேன். அவனோ சத்தம் வைக்கும் குமிழுக்குப் பக்கத்தில் விரலால் தடவித் தடவிப் பார்த்தான்.

"இங்க அம்மா நெயில் பாலிஷ்ல ஒரு சிவப்புப் பொட்டு வச்சிருந்தாளே?"

"அழுக்குன்னு நினைச்சு பிளேடால சுரண்டிட்டேன்டா."

"அப்பாவுக்குக் காது மந்தம். இதைத் தாண்டித் திருப்பினா மேலாத்து மாமி கொசுவலைக் கம்பால தரையைத் தட்டுவான்னுதான் அம்மா அதை வச்சா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு "பரவாயில்ல மாமி" என்று பெட்டியை எடுக்காமலே இறங்கிப் போய்விட்டான்.

நான் தட்டியது உண்மை. எந்தச் சத்தத்துக்குத் தட்டுவேன் என்பது என் காதுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மூர்த்தி, ஞாயிற்றுக்கிழமை சினிமா நேரத்தில் பெட்டியை உன் வீட்டில் வைத்து மெதுவாகத் திருப்பு. நான் மேலிருந்து தட்டியதும் நிறுத்தி, அங்கே பொட்டை வை. காளிகாட் கோயில் பக்கத்துக் கடையில் நெயில் பாலிஷ் வாங்கி வந்துவிட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

சம்மதமா இல்லையா என்று நம் கட்டடத்தின் இந்த அறிவிப்புப் பலகையிலேயே, இந்தத் தாளின் அடியில் எழுது.