தொண்ணூற்றாறு சதவீதம் குப்புறக் கிடந்தவர்

பல்லுக்காரர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். பல் பிடுங்குகிறவர் அல்ல, பல் செய்கிறவர். மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, ஓர் அச்சகத்தின் மாடியறையில், மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து பல்செட் கட்டிக் கொடுப்பார். மனைவிதான் அவற்றைப் பெட்டிகளில் அடுக்கி மருத்துவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவள். யாரோடு பேசினாலும் அவர் பார்வை எதிராளியின் வாயில்தான் நிற்கும். கல்யாணமான புதிதில் மனைவிக்கு இது விளங்கவில்லை.

"அப்படி என்னத்தப் பாக்கறீங்க?"

"மேல் வரிசைல ஒரு பல்லு லேசாத் திரும்பியிருக்கு. அதுதான் உனக்கு அழகு."

அதற்குப் பிறகு வெகுநாள் அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள்.

அவருடைய இடது கண் சிறுவயதிலிருந்தே மங்கல். வலது கண்தான் சோறு போட்டது. அந்தக் கண்ணில் கோளாறு என்று முதலில் சொன்னது எந்த டாக்டரும் இல்லை. பல்செட் வாங்கிப் போன ஒரு பாட்டு வாத்தியார், அடுத்த வாரமே அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு படியேறி வந்தார்.

"இதைப் போட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னால நிக்கவே பயமா இருக்குங்க. பல்லெல்லாம் ஒண்ணை ஒண்ணு முறைச்சிக்குது."

பல்லுக்காரர் வாங்கிப் பார்த்தார். வரிசை நூல் பிடித்ததுபோல் இருந்தது. வாத்தியாருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே இரும்பு ஸ்கேலை எடுத்து மேலே வைத்தார். ஸ்கேல் நடுவில் வளைந்திருந்தது. இன்னொரு ஸ்கேலை எடுத்தார். அதுவும் வளைந்திருந்தது. ஜன்னல் கம்பியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

கண் மருத்துவமனையில் தாடையை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி விழித்திரையைப் படம் எடுத்தார்கள். டாக்டர் திரையில் காட்டினார். விழித்திரை அடுக்கடுக்காகத் தெரிந்தது. சரியாக நடுவில், நாம் எழுத்தையும் முகத்தையும் பார்க்கும் இடத்தில், அடுக்குகள் பிளந்து ஓர் ஓட்டை.

"ஆபரேஷன் பண்ணி உள்ளே ஒரு காத்துக் குமிழியை விடுவோம். குமிழி எப்பவும் மேல் பக்கம்தான் போகும். நீங்க குப்புறக் கிடந்தா அது பின்னால இருக்கற விழித்திரையில போய் ஒட்டி அழுத்தும், ஓட்டை மூடும். மல்லாந்து படுத்தீங்கன்னா குமிழி முன்னாடி வந்துடும், ஓட்டை அப்படியே கெடக்கும்."

எத்தனை நேரம் குப்புறக் கிடந்தால் போதும் என்பதில் டாக்டர்களுக்கே ஒரே கருத்து இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் அங்கே ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. பல்லுக்காரர் சேரச் சம்மதித்தார். குலுக்கலில் ஒரு வாரம் முழுக்கக் குப்புறக் கிடக்கும் கோஷ்டி அவருக்கு விழுந்தது. ஆபரேஷன் முடிந்ததும், ஆய்வைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அவர் நெற்றியில் ஒரு துணிப்பட்டையைக் கட்டினாள். அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அது விடாமல் குறித்துக்கொள்ளும்.

"பட்டையை மட்டும் கழட்டிடாதீங்க சார். பதிவு விட்டுப்போச்சுன்னா எங்களுக்கு ஒண்ணுமே தெரியாமப் போயிடும்."

சாப்பிடவும் குளியலறைக்குப் போகவும் கொஞ்சம் எழுந்துகொள்ளலாம். மற்ற நேரமெல்லாம் வீட்டில் கட்டில் விளிம்பில் தலையணைகளை அடுக்கி, முகத்தை வெளியே நீட்டித் தரையைப் பார்த்துக் கிடக்க வேண்டும். பார்க்க வந்தவர்களின் கால்கள் மட்டும் அவருக்கு மங்கலாகத் தெரிந்தன. மச்சினன் வந்து பக்கத்தில் தானும் மண்டியிட்டுத் தரையைத் துழாவினான்.

"எதைத் தொலைச்சீங்க அத்தான்? சொல்லுங்க, நானும் தேடறேன்."

"உன் புத்தியைத்தான் மாப்ள. எவ்வளவு தேடியும் கிடைக்கல."

சிரிப்பு முதல் நாளோடு சரி. அடுத்த நாள் மத்தியானம் கழுத்திலிருந்து முதுகுவரை யாரோ கம்பி நுழைப்பதுபோல் வலித்தது. மூக்கு அடைத்தது. மூச்சு முட்டியது. சத்தமில்லாமல் அழுதார். தரையில் சொட்டு விழுவதை மனைவி பார்த்தாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

அவர் நெற்றிப் பட்டையை மெல்ல அவிழ்த்துத் தன் நெற்றியில் கட்டிக்கொண்டாள்.

"நீங்க கொஞ்சம் மல்லாந்து படுங்க. நான் குப்புறப் படுத்துக்கறேன்."

"தப்பில்ல?"

"உங்க மண்டை எது, என் மண்டை எதுன்னு அதுக்கென்ன தெரியப்போவுது? பதிவு கெடாம இருந்தாப் போதும்ல."

அப்படி ஆரம்பித்தது. பிறகு ஒவ்வொரு மத்தியானமும், பிறகு தூக்கத்திலும். ஒருவர் எழுந்தால் இன்னொருவர் குனிந்தார். பட்டை ஒரு நிமிஷம்கூட சும்மா இருக்கவில்லை. அந்தக் கருவியை ஏமாற்றாமல் காப்பாற்றிவிட்டதாகவே இருவரும் நம்பினார்கள். குமிழியை இரண்டு பேருமே மறந்துபோனார்கள்.

குமிழி கரைந்ததும் மறுபடி படம் எடுத்தார்கள். ஓட்டை அப்படியே இருந்தது.

டாக்டர் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து பல்லுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க மேல ஒரு குறையும் சொல்ல முடியாது. கருவியில தொண்ணூத்தாறு சதவீதம். இவ்வளவு ஒழுங்கா யாருமே இருந்ததில்ல. இத்தனைக்கும் அப்புறம் மூடலன்னா, இது மூடற ஓட்டை இல்ல. உங்களுக்கு இருக்கறதே ஒரு கண்ணு. அதை மறுபடி கிழிச்சு இருக்கற ஓரப் பார்வையையும் கெடுக்க எனக்கு மனசு வரல."

வெளியே நடைபாதையில், தண்ணீர் பிடிக்கும் இடத்தில், மனைவி நின்றுவிட்டாள்.

"உள்ள போய்ச் சொல்லிடலாம்."

"என்னத்த?"

"என்னத்தவா? நீங்க பாதி நேரம் மல்லாந்து கிடந்ததைத்தான். அவரு தப்புக் கணக்குப் போட்டு உங்க கண்ணைக் கைகழுவறாரு."

"வாயைத் திறந்தே, அவ்வளவுதான். இப்பத்தானே அந்த மனுஷன் கை குடுத்தாரு? அந்த நர்ஸ் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"எப்படி முழிக்கறதுன்னு யோசிக்க மொதல்ல முழி வேணும்ல!"

"ரெண்டு பேரையும் திருடங்க மாதிரி பாப்பாங்கடி."

"பாக்கட்டும்."

அவர் அவள் கையைப் பிடித்தார். அவள் உதறிவிட்டுக் கதவைத் தட்டாமலே உள்ளே போனாள். அவர் நடைபாதையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

உள்ளே அவள் நின்றபடியே சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. டாக்டரின் முகம் சிவந்தது. பேனாவை மேஜைமேல் போட்டார். திட்டத்தான் போகிறார் என்று அவள் தலையைக் குனிந்தாள். அவரோ திரையைத் திரும்பிப் பார்த்தார். அதே படம், அதே ஓட்டை.

"மொத்தத்துல அவர் எவ்வளவு நேரம் குப்புற இருந்திருப்பாரு? உண்மையச் சொல்லுங்க."

"பாதி. பாதிகூட இருக்காது."

"அப்ப இது வேற கதை. இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம். மூடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். கெட்டுப்போகவும் செய்யலாம். ஆனா முயற்சி பண்ணலாம். ஆய்வுல இருந்து அவரை எடுத்துடறேன்."

நர்ஸ் வாசலருகே அசையாமல் நின்றாள். கையிலிருந்த பட்டியலைப் புரட்டினாள். "டாக்டர், தொண்ணூறுக்கு மேல வாங்கினவங்க இன்னும் சில பேர் இருக்காங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒவ்வொருத்தருக்கும் போன் போடும்மா. மிரட்டாதே. உங்க வீட்ல உங்களப் பாத்துப் பாவப்பட்டது யாருன்னு மட்டும் கேளு."

பல்லுக்காரர் வீடு வரும்வரை பேசவில்லை. இரண்டாவது ஆபரேஷன் முடிந்தும் பேசவில்லை. சாப்பாடு, மருந்து, துண்டு எல்லாம் அவள் கையால்தான். ஆனால் வார்த்தை கிடையாது. இந்த முறை நெற்றியில் பட்டையும் கிடையாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தலை கொஞ்சம் திரும்பினாலும் பிடரியில் கை வைத்துத் திருப்பிவிடுவாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவர் வாய் திறந்தார்.

"ஒரு அஞ்சு நிமிஷம். மூச்சு முட்டுது."

"முட்டட்டும். முகத்தைத் தூக்காம வாயால விடுங்க."

"நீ மனுஷியா?"

"இல்ல."

அவர் திட்டினார். அவளை, அவள் தம்பியை, கல்யாணத்தைப் பேசி முடித்தவர்களை. அவள் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தரையில் சொட்டுகள் விழுந்தன. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கை மட்டும் அவர் பிடரியிலேயே இருந்தது. ஒரு வாரம் இப்படித்தான் போனது. கடைசி நாட்களில் அவள் சொல்வதற்கு முன்பே அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

ஓட்டை மூடியது. டாக்டர் படத்தைக் காட்டியபோது நடுவில் மெல்லிய தழும்பு மாதிரி ஒரு கோடுதான் இருந்தது. ஆனால் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. இடையில் போன மாதங்களில் ஓட்டையின் விளிம்பு தடித்துவிட்டது, முதல் தடவையே மூடியிருந்தால் கண் சோதனைப் பலகையில் இன்னும் இரண்டு வரி படித்திருப்பார் என்றார் டாக்டர். மறைத்துப் பேச அவருக்குத் தெரியாது. பெரிய எழுத்தைப் படிக்கலாம், தெருவில் தனியாக நடக்கலாம். முன்பல் வேலைக்கு ஆகாது. இப்போது பல்லுக்காரர் கடைவாய்ப் பற்களை மட்டும் செய்கிறார். அவை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யார் பார்க்கப் போகிறார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம் அவர் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவளும் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "இந்த ராட்சசி போன தடவையே வந்திருக்கக் கூடாதா?"